கலீனின் ஊர்ப் பேச்சு

லீலாம்மா உயிரோடு இல்லை என்று இயந்திரம் தீர்ப்புச் சொன்ன நேரத்தில், அவள் நெய்வேலியில் தன் வீட்டுச் சமையற்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை முற்பகல். ரஷ்யாவில் இருக்கும் அக்காவோடு பேசும் வேளை. "தோமா, நான்தான்" என்று தொடங்கி, உடம்பு எப்படி இருக்கிறது, பனி விழ ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டு முடிப்பதற்குள் அந்தப் பக்கம் அக்காவின் இருமல் சட்டென்று அறுந்துபோனது. அதற்குப் பதிலாக ஓர் இளம்பெண்ணின் குரல் வந்தது. அழைத்தவரின் குரல் உயிருள்ள மனிதருடையது அல்ல என்று கண்டறியப்பட்டிருப்பதாகவும், முதியோர் பாதுகாப்பை முன்னிட்டு இணைப்பு துண்டிக்கப்படுவதாகவும் ரஷ்ய மொழியில் தேனொழுகச் சொன்னது. கடைசியில் இந்த நாள் இனிய நாளாக அமைய வாழ்த்தும் தெரிவித்தது.

லீலாம்மாவுக்கு இயந்திரத்தின் மேல் கோபம் வரவில்லை. அக்காவின் மேல்தான் வந்தது. தொண்ணூறை நெருங்கும் வயதில் இந்தக் கிழவிக்கு இத்தனை வீம்பா, போன வாரச் சண்டையை மனசில் வைத்துக்கொண்டு என்னமோ பொத்தானை அழுத்திவிட்டாள் என்றுதான் நினைத்தாள். கீரையை முறத்தோடு தள்ளி வைத்துவிட்டு மறுபடி அழைத்தாள். மறுபடியும் அரை நிமிடம், மறுபடியும் அதே தேன்.

லீலாம்மா என்பது நெய்வேலி வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்தது லூத்மீலா. வீட்டில் லூதா. லெனின்கிராதுக்குச் சுரங்கப் படிப்புப் படிக்கப் போன அரங்கநாதன் பட்டத்தோடு பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு 1984-இல் கடலூர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியபோது, வரவேற்க வந்த சொந்தக்காரர்களின் நாக்கில் அந்தப் பெயர் நிற்கவில்லை. வீடு போய்ச் சேருவதற்குள் அவளை லீலா ஆக்கிவிட்டார்கள். அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுரங்கத்து ஆய்வுக்கூடத்தில் நிலக்கரித் தூளைச் சலித்துச் சலித்து ஓய்வும் பெற்றுவிட்டாள். இப்போது அவள் பேசுவதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் விருத்தாசலத்துக்காரி என்றுதான் நினைப்பார்கள்.

தமிழ் தனக்கு எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் அவள் ரேஷன் கடைக் கதையைச் சொல்வாள். வந்த புதிதில் பக்கத்து வீட்டு செங்கமலம் வேலி ஓரம் நின்று, "லீலா, சர்க்கரை போடுறாங்க, பைய எடுத்துக்கிட்டு ஓடியா" என்று கத்தினாள். சர்க்கரையை யாராவது போடுவார்களா, எங்கே போடுவார்கள் என்று வேறொரு வெள்ளைக்காரி என்றால் விழித்திருப்பாள். லீலாவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவள் பிறந்த கலீனின் நகரத்திலும் கடைக்காரர்கள் எதையும் விற்றதில்லை. வெண்ணெயை 'வெளியே எறிந்தார்கள்'. செருப்பை 'எறிந்தார்கள்'. ஜனங்களும் எதையும் வாங்கியதில்லை, 'பிடித்தார்கள்'. தோமா ஒரு தடவை செக் நாட்டுச் செருப்பைப் பிடித்துவிட்டு வந்து மேசைமேல் வைத்தபோது, வீடே மீன் பிடித்து வந்தவளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தது. பஞ்சம் ஓர் ஊருக்குக் குடிவந்தால் முதலில் நாக்கில்தான் பாய் விரிக்கும் என்று அரங்கநாதன் சொல்வார். பை நிறையச் சர்க்கரையோடு வந்த அன்றே, தன்னால் இந்த ஊரில் காலம் தள்ள முடியும் என்ற தைரியம் லீலாவுக்கு வந்துவிட்டது.

கடைசியாக அவள் பிறந்த வீட்டுக்குப் போனது 1989 கோடையில். அதற்கப்புறம் நாடு உடைந்தது, பணம் காகிதமானது, ஊர்ப்பெயர்கூட மாறிவிட்டது. கலீனின் மறுபடி த்வேர் ஆனது. லீலாவுக்கும் குழந்தை, வேலை, மாமியாரின் பக்கவாதம் என்று ஒன்று மாற்றி ஒன்று. போக முடியவில்லை. போனில் பேசும் வசதி வந்த பிறகு ஒரு ஞாயிறு தவறியதில்லை. அவள் ரஷ்ய மொழி பேச உலகத்தில் தோமா ஒருத்திதான் பாக்கி. எண்பத்தொன்பதில் எதைப் பேசினாளோ அதையேதான் இத்தனை காலமும் பேசினாள்.

போன வாரச் சண்டையும் அதில்தான் வந்தது. முதியோர் இல்லத்தில் இருக்கும் தோமா பேச்சுவாக்கில் "எங்க த்வேர்ல" என்றாள். லீலாம்மா வழக்கம்போலக் கிண்டல் செய்தாள். கலீனினில் பிறந்துவிட்டு இதென்ன த்வேர், நேற்று மேனேஜர் என்றாய், முந்தாநாள் சர்வீஸ் என்றாய், உன் வாயில் நம் ஊர்ப் பேச்சு ஒரு சொல்லாவது மிச்சமிருக்கிறதா என்று கேட்டாள். சாதாரணமாகத் தோமா சிரித்திருப்பாள். அன்றைக்கு அவளுக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்ததோ என்னவோ, சீறிவிட்டாள்.

"நீ அந்த வார்த்தையெல்லாம் கண்ணாடி அலமாரில வச்சுப் பூட்டிக்கிட்டு வெயில் ஊருக்குப் போயிட்டே. நாங்க அதையே போட்டுக்கிட்டுதான் வாழ்ந்தோம். கிழிஞ்சுது, ஒட்டுப் போட்டோம். உனக்கென்ன தெரியும்?"

"எங்க வாழ்ந்தீங்க? வித்துத் தின்னீங்க" என்றாள் லீலாம்மா.

தொண்ணூறுகளில் தோமா வேலை பார்த்த நெசவாலையில் சம்பளத்துக்குப் பதில் துண்டு கொடுத்தார்கள். அந்தத் துண்டுகளை ரயில் நடைமேடையில் தோளில் போட்டுக்கொண்டு, உறைபனியில் நின்று, விற்றுத்தான் தின்றாள். அது லீலாம்மாவுக்குத் தெரியும். தெரிந்தேதான் வாய் அப்படிச் சொல்லிவிட்டது. தோமா போனை வைத்துவிட்டாள். இந்த வாரம் மன்னிப்புக் கேட்கலாம் என்று இருந்தபோதுதான் இயந்திரம் குறுக்கே வந்தது.

நடந்ததை விளக்கியவள் மகள் நதியா. இரண்டு தேசத்துக்கும் சொந்தமான பெயர் என்று அப்பாவும் அம்மாவும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட ஒரே பெயர் அது. கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெறும் வயதில் இருந்தாள். அவள் கைத்திரையைத் துழாவிப் பார்த்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உன் அக்கா போன வைக்கலம்மா. அங்க புதுசா ஒரு வாட்ச்மேன் போட்டிருக்காங்க. மனுஷன் இல்ல, மெஷினு. வெளிநாட்டுலேருந்து வர்ற ஒவ்வொரு போனையும் அது கேக்கும். பேசுறது நெஜ மனுஷனா, செஞ்ச குரலான்னு பாக்கும். செஞ்ச குரல்னு பட்டா அறுத்துட்டு, அந்தப் பக்கத்துக்கும் அப்படியே சொல்லிடும்."

செய்த குரல்களின் தொல்லை உலகம் முழுக்க இருந்ததுதான். மகன் குரலில் பேசிப் பணம் கறப்பார்கள், செத்துப்போன புருஷன் குரலில் பேசிக் கையெழுத்து வாங்குவார்கள். குரலை வைத்து மனிதரை அடையாளம் காண முடியாது என்று ஆன பிறகு, அந்த நாட்டுக்காரர்கள் பேச்சையே சோதிக்கும் இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஒருவர் என்னென்ன சொற்களை எப்படிக் கலந்து பேசுகிறார் என்பதை வைத்து, அவர் எந்தெந்தக் காலத்தைக் கடந்து வந்தவர் என்று அது கணிக்கும்.

"என் பேச்சுல என்ன கொறச்சல்?" என்று கேட்டாள் லீலாம்மா.

"கொறச்சலே இல்ல. அதான் சிக்கல். உயிரோட இருக்குற யாரும் இப்ப அப்படிப் பேசுறதில்லையாம்."

"உங்கப்பா சாகுற வரைக்கும் மெட்ராஸுன்னுதான் சொன்னாரு. அவரை யாரும் மெஷினுன்னு சொல்லலியே."

நதியா சிரித்தாள். ஆனால் முறையீடு செய்தால் பதில் வர மாதக்கணக்காகும் என்று படித்ததை உடனே சொல்லவில்லை. அம்மா தூங்கிய பிறகு முதியோர் இல்லத்துக்கு எழுதி விசாரித்தாள். தோமாவின், அதாவது தமாரா பெத்ரோவ்னாவின், இதயம் மிகவும் பலவீனமாக இருப்பதாகவும், கண் பார்வை போய்விட்டதால் தங்கையின் செய்தியை வாசித்துக் காட்டியதாகவும், அதற்கு அவர் "எழுதுறது யார் வேணா எழுதலாம்" என்று மட்டும் சொன்னதாகவும் பதில் வந்தது. நதியாவே ஒருமுறை அழைத்துப் பார்த்தாள். அவளுடைய ரஷ்ய மொழி உப்புப் போட மறந்த சாம்பார். ஆனாலும் வெளிநாட்டுக்காரி என்று வாட்ச்மேன் விட்டுவிட்டது. பெரியம்மாதான் விடவில்லை. பணம் கேட்பதற்கு முன்னால் வைத்துவிடச் சொல்லி அவளே வைத்துவிட்டாள்.

இப்படியே வாரங்கள் போயின. லீலாம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. தங்கை அந்த ஒரு சொல்லோடு போனவள் போனவள்தான், கோபித்துக்கொண்டு கூப்பிடுவதையே விட்டுவிட்டாள் என்று தோமா நினைத்துக்கொண்டு படுத்திருப்பாள். அப்படி நினைத்துக்கொண்டே செத்தும் போவாள். இடுப்பெலும்பு முறிந்து தேறிய உடம்பை வைத்துக்கொண்டு விமானம் ஏறவும் முடியாது. "கடைசிப் பேச்சா அது இருக்கக்கூடாதுடி" என்று மட்டும் மகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நதியா எங்கெங்கோ விசாரித்து ஆலிசாவைப் பிடித்தாள். கூடங்குளத்தில் ரஷ்யர்களுக்கான குடியிருப்பில் இருந்த இளம்பெண். புருஷன் அணுமின் நிலையத்தில் என்ஜினியர். அம்மாவுக்கு இன்றைய ரஷ்ய மொழியைச் சொல்லிக்கொடுத்தால் வாட்ச்மேன் உள்ளே விடும் அல்லவா என்பது நதியாவின் கணக்கு. ஆலிசா சம்மதித்தாள். திரையில் முதன்முதலாக லீலாம்மா பேசக் கேட்டதும் அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். லீலாம்மா என்ன என்று கேட்டாள்.

"மன்னிச்சுக்குங்க, லூத்மீலா பெத்ரோவ்னா. பழைய படத்துல யாரோ பேசுற மாதிரி இருக்கு" என்றாள் ஆலிசா.

இரண்டாவது பாடத்தில்தான் அவள் உண்மையைச் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால், அந்த வாட்ச்மேனுக்குக் காது பழக்கும் வேலையில் இருந்த நூற்றுக்கணக்கானவர்களில் அவளும் ஒருத்தி. மோசடிக்காரர்கள் வயதானவர்களை ஏமாற்ற அந்தக் காலத்து வானொலியிலிருந்தும் படங்களிலிருந்தும் குரலைச் செய்வார்கள். கிழவர்களுக்கு அந்தப் பேச்சைக் கேட்டால் மனசு இளகிவிடும். ஆகவே அப்படிச் சுத்தமாகப் பேசுகிற குரல் எதுவானாலும் பொய் என்று குறிக்கச் சொன்னார்கள். அவளும் நாளெல்லாம் உட்கார்ந்து குறித்தாள்.

"எல்லாக் காலமும் நாக்குல ஒரு கறை வச்சிட்டுத்தான் போகும். அந்தக் கறைய வச்சுத்தான் உயிருள்ள ஆளுன்னு கண்டுபிடிப்போம். உங்க நாக்குல கறையே இல்ல. அந்த மாதிரி ஒருத்தர் எங்கேயாவது உசிரோட இருப்பாங்கன்னு எங்களுக்குத் தோணவே இல்ல."

அழுக்குப் பண்ணிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதானே என்று கேட்டாள் லீலாம்மா.

அழுக்குப் பண்ணிக்கொள்வது சுலபமாக இல்லை. தெருவில் முன்பின் தெரியாதவரைக் கூப்பிட அவளுக்குத் தெரிந்த சொல் 'தோழர்'. அது இப்போது வேடிக்கைக்குத்தான் என்றாள் ஆலிசா. 'ஐயா' என்ற பழைய ராஜாங்கத்துச் சொல்லைத் தூசி தட்டி எடுத்துப் பார்த்தார்கள், யாருக்கும் வாயில் ஒட்டவில்லை. ஆகவே ஒன்றும் இல்லாமல், கடையில் நிற்கும் அந்நியப் பெண்ணை 'பொம்பளே' என்றும் ஆணை 'ஆம்பளே' என்றும்தான் கூப்பிடுகிறார்கள். இத்தனை பெரிய நாடு, வழி கேட்க ஒரு மரியாதைச் சொல் இல்லாமலா போயிற்று என்று லீலாம்மா அங்கலாய்த்தாள்.

வெளிநாட்டுச் சொற்கள் ஒரு மூட்டை இருந்தன. ஒரு காலத்தில் அவை வெள்ளம்போல வந்தன. பிறகு அவற்றுக்கெல்லாம் தடை வந்தது. கடைப்பலகையில் எழுதினால் அபராதம். அதனால் ஜனங்கள் அரசாங்கம் சொன்ன சொல்லை வாயால் சொல்லிவிட்டுக் கண்ணால் சிரித்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். அந்தக் கண்சிரிப்பு குரலிலும் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் வாட்ச்மேன் சந்தேகப்படும் என்று ஆலிசா பயிற்சி கொடுத்தாள். மேடையில் ஒன்று, அடுப்பங்கரையில் ஒன்று என்று இரண்டு பேச்சுப் பேசி வளர்ந்தவள் லீலாம்மா. இது மட்டும் அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது.

பிடிபடாமல் முரண்டு பண்ணியது ஒரு சின்னச் சொல். 'ஒருவகையில்'. நாலு வார்த்தைக்கு ஒருமுறை அதைப் போட வேண்டும் என்றாள் ஆலிசா. ஒருவகையில் வேலைக்குப் போகிறேன், ஒருவகையில் சாப்பிட்டேன். சாப்பிட்டால் சாப்பிட்டது, இதில் ஒருவகை என்ன என்று லீலாம்மா எரிந்து விழுந்தாள்.

"இது நாகரிகத்துக்காக வந்த பேச்சு இல்லீங்க. எங்கம்மா காலத்துல வந்துது. ஆலை இருக்கு, சம்பளம் இல்ல. சம்பளம் வந்தா கடையில சாமான் இல்ல. காலையில எந்திரிச்சா இது என்ன நாடுன்னே தெரியல. எதையும் உறுதியாச் சொல்ல பயம். அப்ப ஒட்டிக்கிட்டது" என்றாள் ஆலிசா.

லீலாம்மா அன்றைக்கு அதற்குமேல் பாடம் படிக்கவில்லை. அந்தப் பயம் தோமாவின் வாயில் குடியேறிய நாட்களில் தான் இங்கே நதியாவுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டும், மார்கழியில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டும் இருந்ததை நினைத்துக்கொண்டாள். அக்கா பழைய சொல்லை விற்கவில்லை. அந்தச் சொல்லுக்கு வேலை கொடுக்க அங்கே ஒன்றுமே பாக்கியில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு புதுச் சொல்லும் அக்கா தனியாகக் கழித்த ஒரு வருஷமாகத் தெரிந்தது. அதற்கப்புறம் அவள் முணுமுணுக்காமல் படித்தாள்.

தை மாதம் பிறந்து ஒரு ஞாயிறு. படித்தது போதும், இனிமேல் தள்ளிப்போட வேண்டாம், கூப்பிட்டுப் பாருங்கள் என்று ஆலிசா சொல்லிவிட்டாள். லீலாம்மாவுக்கு உட்கார முடியவில்லை. சாப்பாட்டு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நதியா எதிரே கைத்திரையோடு நின்றாள். வாட்ச்மேன் கேட்டுக்கொண்டிருக்கும்போது திரையின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு பொட்டு எரியும். மணி அடித்தது. இருமல் கேட்டது. லீலாம்மா மனப்பாடம் செய்ததைச் சொன்னாள்.

"வணக்கம் தோமா. நான் ஒருவகையில் உன் தங்கை லூதா. இப்ப பேசுறது உனக்கு வசதியா இருக்குமா?"

அரை நிமிடம் ஆயிற்று. ஒரு நிமிடமும் ஆயிற்று. தேன்குரல் வரவில்லை. பொட்டு பச்சையானது. நதியா கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். லீலாம்மாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தப் பக்கம் தோமா மூச்சு வாங்கிக்கொண்டு, நிதானமாக, அந்நியருக்குக் கொடுக்கிற மரியாதையோடு பேசினாள்.

"ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க. குரல் அப்படியே அவளுடையதுதான். ஆனா என் தங்கச்சி வசதியா இருக்குமான்னு கேக்க மாட்டா. இந்த நாடு அப்படிப் பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அவ போயிட்டா."

"தோமா, நான்தான்..."

"எங்க ஊர்ப் பேச்சு இந்த உலகத்துல அவகிட்ட மட்டுந்தான் இருந்துது. அதைக் கேக்கத்தான் நான் ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை உசிரைப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். அவளைத் திட்டினேன், அதுவும் உண்மை. இப்ப அவ கூப்பிடுறதில்ல. அந்தக் குரலையும் திருடிட்டீங்க."

லீலாம்மாவின் தொண்டை வரைக்கும் பழைய பேச்சு வந்து முட்டியது. அடியே தோமா, கலீனின்காரி, நான்தாண்டி என்று ஒரு வாய் சொன்னால் போதும், அக்கா நம்பிவிடுவாள். ஆனால் அதைச் சொன்ன மறுகணம் வாட்ச்மேன் அறுத்துவிடும். நதியா பதறிப்போய் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். உள்ளே விடுகிற பேச்சை அக்கா நம்ப மாட்டாள். அக்கா நம்புகிற பேச்சை உள்ளே விட மாட்டார்கள்.

"வச்சிடுங்க" என்றாள் தோமா. "கீழ வண்டி வந்து நிக்குது. என்னை மாஸ்கோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறாங்க. கோட்டெல்லாம் மாட்டி விட்டாச்சு. பயணம் கிளம்புற நேரத்துல பொய்க்குரலோட பேச எனக்குத் தெம்பில்ல."

பயணம் என்ற சொல் காதில் விழுந்ததும் லீலாம்மாவின் உடம்பு தானாக ஒரு காரியம் செய்தது. கை நீண்டு பக்கத்திலிருந்த நாற்காலியைத் தரையில் கரகரவென்று இழுத்தது. அவள் உட்கார்ந்தாள். முதுகை நிமிர்த்திக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். பேசவில்லை.

அவர்கள் ஊரில் அது வழக்கம். வீட்டிலிருந்து யாராவது தொலைவாகக் கிளம்பினால், மூட்டை முடிச்சைக் கட்டி, கோட்டும் தொப்பியும் மாட்டிய பிறகு, எல்லோரும் ஒரு கணம் உட்கார வேண்டும். போகிறவர், வழியனுப்புகிறவர், அத்தனை பேரும். நாற்காலி இல்லையென்றால் பெட்டியின்மேல், படுக்கையின்மேல் எதன்மேலாவது. வாயைத் திறக்கக்கூடாது. பிறகு மூத்தவர் ஒரு வார்த்தை சொல்லி எழுந்தால் மற்றவர்கள் எழுவார்கள். ராஜா காலத்திலும் உட்கார்ந்தார்கள், ராஜாவை விரட்டியவர்கள் காலத்திலும் உட்கார்ந்தார்கள், அதற்குப் பின்னால் வந்தவர்கள் காலத்திலும் உட்காருகிறார்கள். ஆட்சிக்கு ஆட்சி நாட்டின் சொற்களையெல்லாம் மாற்றினார்கள். இதில் சொல்லே இல்லாததால் மாற்ற ஒன்றும் அகப்படவில்லை.

லீலாம்மா தமிழ்நாட்டுக்குக் கிளம்பிய அன்று, அரங்கநாதன் வாசலில் வண்டியோடு நிற்க, வீட்டில் நாலு பேரும் அப்படித்தான் உட்கார்ந்தார்கள். அப்பா நாற்காலியில், அம்மா தையல் மெஷின் ஸ்டூலில், அக்காவும் தங்கையும் ஒரே பெட்டியின்மேல், தொடையோடு தொடை ஒட்டி. அப்பா கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். "சரி, நேரமாச்சு" என்று சொல்லி எழுந்தார். அதே இடத்தில் அவருடைய அம்மாவெல்லாம் சொல்லி வந்த வேறொரு வார்த்தை உண்டு. அதில் கடவுள் இருந்தார். அந்த வீட்டில் அதைச் சத்தமாகச் சொல்லக்கூடாது. அம்மாவின் உதடு மட்டும் அசைந்ததை இரண்டு பெண்களும் பார்த்தார்கள்.

போனில் ஒரு சத்தமும் இல்லை. தோமா வைக்கவும் இல்லை. பொட்டு மறுபடி மஞ்சளுக்கு வந்து, எதைக் கேட்பது என்று தெரியாமல் விட்டுவிட்டு எரிந்தது. மோசடிக்காரனின் குரல் ஒரு நொடி ஓயாது. ஓய்ந்தால் அவன் பிழைப்பு நடக்காது. நதியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா ஏன் இப்படிச் சிலையாக உட்கார்ந்துவிட்டாள், ஏதாவது பேசம்மா என்று சைகை செய்தாள். லீலாம்மா கண்ணாலேயே எதிர் நாற்காலியைக் காட்டினாள். அவளும் உட்கார்ந்தாள்.

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. கிளம்பலாமா என்று ஒரு நர்ஸ் கேட்டாள். தோமா அவளை அடக்கினாள்.

"பேசாதே. நீயும் உட்காரு."

அதற்கப்புறம் நெய்வேலியில் இரண்டு பேரும் த்வேரில் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வெளியே தெருவில் யாரோ வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டு போனார்கள். லீலாம்மா அக்காவின் மூச்சைக் கேட்டாள். இழுத்து, நின்று, இழுத்து வந்தது. மன்னிப்புக் கேட்பதற்கு அவள் மூன்று மாதமாகச் சேர்த்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை, வரவேண்டியிருக்கவும் இல்லை. கன்னத்தில் இறங்கிய கண்ணீரை அவள் துடைக்கவில்லை.

மூத்தவள் பேசினாள். அந்நியருக்கான மரியாதையெல்லாம் போய், சின்ன வயசுத் தோமாவாகப் பேசினாள்.

"சரி. கடவுள் துணை."

அம்மா உதட்டால் மட்டும் சொன்னதை லீலாம்மா இப்போதுதான் அக்காவின் குரலில் கேட்டாள்.

"லூதா, அழாதே. போய்ச் சேர்ந்ததும் தந்தி அடிக்கிறேன்" என்றாள் தோமா.

லீலாம்மா வாயைத் திறந்தாள். இனி எந்தப் பேச்சில் பேசினால் என்ன, தன் பேச்சிலேயே பேசிவிடுவது என்று தீர்மானித்துத்தான் திறந்தாள். அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பிய இருமல் பாதியில் அறுந்தது. தேன்குரல் வந்தது. எதிர்முனையில் பேசியவர் உயிருள்ள மனிதர் என்று உறுதிசெய்ய முடியவில்லை என்றும், அழைத்தவரின் பாதுகாப்பை முன்னிட்டு இணைப்பு துண்டிக்கப்பட்டது என்றும் சொன்னது.

"இது என்னம்மா அநியாயம்?" என்றாள் நதியா. குரல் உடைந்திருந்தது. "இந்தத் தடவை உன்னைச் சொல்லல. பெரியம்மாவைச் சொல்லுது. பெரியம்மாதான் மெஷினாம். இரு, புகார் பொத்தான் இருக்கு. அழுத்துறேன்."

"விடுடி" என்றாள் லீலாம்மா.

"விடுறதாவது. அவங்க என்னதான் சொன்னாங்க?"

"போய்ச் சேர்ந்ததும் தந்தி அடிக்கிறாளாம்."

"தந்தியா? அதெல்லாம் இப்ப எங்கம்மா இருக்கு?"

"இல்ல. அவளுக்கும் தெரியும்." லீலாம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "அவ எங்க ஊர்ப் பேச்சு பேசிட்டா. அதான் அவளையும் தள்ளி விட்டுடுச்சு. நான் கிளம்பி வந்த நாளுக்கப்புறம் இன்னிக்குத்தான் நாங்க ரெண்டு பேரும் ஒரே ஊர்ல இருக்கோம். புகார் எதுக்கு?"

நதியா கைத்திரையைக் கவிழ்த்து வைத்தாள். லீலாம்மா நாற்காலியை விட்டு நகரவில்லை. மூத்தவள் எழுந்த பிறகுதான் இளையவள் எழ வேண்டும். கட்டிலை விட்டு இறக்கியிருப்பார்கள், படி இறங்கியிருப்பார்கள், வண்டியின் கதவையும் சாத்தியிருப்பார்கள் என்று தோன்றும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள்.